ஜியோகேச்சிங்: பெட்டியைத் தேடும் ஒழுங்கும் பயணப் பொருட்களைக் கையாளும் முறையும் – முழுமையான வழிகாட்டி

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவிகளுக்கு அனுப்பும் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த சாதாரணக் கருவிகள் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சுட்டத் தொடங்கின. உடனடியாக, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகருக்கு அருகே பீவர்கிரீக் பகுதியில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருட்களையும் ஒரு குறிப்பேட்டையும் போட்டு, மண்ணில் பாதி புதைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம், ஏதாவது வைக்க வேண்டும், இரண்டையும் ஏட்டில் எழுத வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன விதி. யாரோ மறைத்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். எண்களைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் என்ற ஆட்டம் இப்படித்தான் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங்.காம் தளத்தைத் தொடங்கினார். சியாட்டிலில் இருந்து நடத்தப்படும் அந்தத் தளத்தின் நடைமுறைகளையே இந்த வழிகாட்டி பின்பற்றுகிறது.

இன்றைய ஒழுங்குகளில் இரண்டை அந்த முதல் வாளியே மீறியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இப்போது பெட்டியை மண்ணில் குழி தோண்டிப் புதைக்கக் கூடாது; உணவுப் பொருளும் வைக்கக் கூடாது. உல்மரின் வாளியில் ஒரு பீன்ஸ் டப்பா இருந்தது. பிற்காலத்தில் அந்த டப்பா கண்டெடுக்கப்பட்டு, தனக்கென ஒரு பின்தொடர் எண் பெற்று, ஆர்வலர்கள் கூடும் இடங்களில் காட்டப்படும் பயணப் பொருளாகவே, அதாவது இணையத்தில் அதன் பயணம் பதிவாகும் பொருளாகவே, மாறியது. விதிகள் யாரோ மேசையில் அமர்ந்து எழுதியவை அல்ல. கெட்டுப்போன பெட்டிகளிலிருந்தும் கோபமடைந்த நில உரிமையாளர்களிடமிருந்தும் காணாமற்போன பொருட்களிலிருந்தும் மெல்ல மெல்ல உருவானவை. அவற்றின் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

அந்தக் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: பெட்டி இருக்கும் நிலையும் அதைப் பற்றிய பதிவும், பொருள் இருக்கும் இடமும் பதிவு காட்டும் இடமும், எப்போதும் பொருந்தியிருக்க வேண்டும். இவை பிரிந்துவிட்டால் அடுத்து வருபவர் இல்லாத ஒன்றைத் தேடி அலைவார். உரிமையாளர் இருக்கும் ஒன்றைத் தொலைந்ததாக எண்ணுவார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பொருத்தத்தைக் காப்பதற்கானவை.

படி 1: வீட்டிலிருந்து புறப்படும் முன்

தளத்தில் பெட்டிக்கென உள்ள பக்கத்தை முழுமையாகப் படியுங்கள். தேடலின் கடினமும் நிலப்பரப்பின் கடினமும் 1 முதல் 5 வரை அரைப் புள்ளி இடைவெளியில் குறிக்கப்பட்டிருக்கும்; நிலப்பரப்பு 5 என்றால் சிறப்புக் கருவி, அதாவது கயிறோ படகோ, தேவைப்படலாம். அதைவிட முக்கியமாக, அண்மைப் பதிவுகளைப் படியுங்கள். கடைசி நான்கு பேரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டி அங்கே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

காலக் கட்டுப்பாடுகளையும் பாருங்கள். ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் குகைகளுக்குள்ளும் நிலத்தடி வெளிகளுக்குள்ளும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நுழைவதைத் தடை செய்கிறது. உறக்கத்தில் இருக்கும் வௌவால் ஒருமுறை விழித்தாலே, வசந்தம் வரை தாக்குப்பிடிக்கச் சேர்த்துவைத்த கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் பெட்டி வைக்க அனுமதி இல்லை. அத்தகைய இடங்களுக்கு எர்த்கேச் என்ற வகை பொருந்தும். 2004-இல் தொடங்கிய இந்த வகையில் பெட்டியே கிடையாது. நிலவியல் சிறப்புள்ள இடத்துக்குச் சென்று, பார்த்ததைக் கொண்டு கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

கையில் எடுத்துச்செல்ல வேண்டியவை அதிகமில்லை: சொந்தப் பேனாவும் பென்சிலும், சிறு இடுக்கி, ஒரு குப்பைப் பை, காய்ந்த துணி. ஈரத் தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். குப்பைப் பை எதற்கென்றால், 2002 முதல் இந்தத் தளம், தேடிச் செல்லும் வழியில் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்பும் பழக்கத்தை ஓர் இயக்கமாகவே ஊக்குவித்துவருகிறது. சீட்டோ என்று அதைச் சொல்வார்கள்.

படி 2: தேடும் இடத்தில்

ஆட்டம் அறியாதவர்களை ஆர்வலர்கள் மகிள் என்று அழைப்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தேடுவது அடிப்படை ஒழுங்கு. பெட்டி ஒருமுறை அந்நியர் கண்ணில் பட்டால் பெரும்பாலும் அடுத்த வாரம் அங்கே இருக்காது. ஆனால் மறைவாக நடந்துகொள்வதற்கும் சந்தேகம் எழும்படி நடந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், ஒருவர் தெருவில் எதையோ மறைத்துவைப்பதைக் கண்ட பொதுமக்கள் காவல்துறைக்குத் தகவல் கொடுக்க, கடைத்தெரு காலி செய்யப்பட்டு, இராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் அந்தச் சிறு பிளாஸ்டிக் பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எனவே யாராவது அணுகிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். காவலர் கேட்டால் செய்வதை நேராகச் சொல்லி, கைபேசியில் பெட்டியின் பக்கத்தைக் காட்டுங்கள். பள்ளி வளாகம், விமான நிலையச் சுற்றுச்சுவர், இரயில் பாதை ஓரம் ஆகியவற்றில் எண்கள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் தேடலைக் கைவிட்டுப் பெட்டியின் உரிமையாளருக்கு எழுதுங்கள்.

தேடும்போது எதையும் உடைக்கவோ பிரிக்கவோ கூடாது. இங்கிலாந்தின் வடபகுதியில் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய வயல் சுவர்கள் உண்டு. பெட்டி அருகில் இருக்கிறது என்பதற்காகக் கற்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தவர்களால் சரிந்த சுவரை மீண்டும் அடுக்க அந்த விவசாயி கைத்தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டியிருக்கும். மரப்பட்டையை உரிப்பது, மின்பெட்டியைத் திறப்பது, செடியைப் பிடுங்குவது ஆகியவையும் இதே குற்றத்தின் வேறு வடிவங்கள்தான். ஜி.பி.எஸ். காட்டும் புள்ளி அடர்ந்த மரங்களுக்கிடையே பத்து மீட்டர்வரை விலகலாம் என்பதை நினைவில் வைத்தால், ஒரே இடத்தைக் குடைந்து நாசமாக்கும் எண்ணம் வராது. கூடியவரை இருக்கும் ஒற்றையடிப் பாதையிலேயே செல்லுங்கள். பலர் நடந்த குறுக்குவழி ஒரே கோடையில் நிலையான வழித்தடமாகி, அதுவே பெட்டியைக் காட்டிக்கொடுக்கும்.

படி 3: திறத்தல், எழுதுதல், மூடுதல்

கண்டதும் பெட்டியை நகர்த்துவதற்கு முன்பு, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மேலே எந்தக் கல் அல்லது கிளை மூடியிருக்கிறது என்பதைப் பாருங்கள். தேவைப்பட்டால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். பிறகு மழை படாத இடத்துக்கு எடுத்துச்சென்று திறக்க வேண்டும்.

ஏட்டில் பெயரும் தேதியும் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகும். சுண்டுவிரல் நுனி அளவேயுள்ள நானோ பெட்டியில் தாள் ஒரு நாடாவாகச் சுருட்டப்பட்டிருக்கும். அதில் முதலெழுத்துகளும் தேதியும் போதும். மீண்டும் போடும்போது நாடாவை இறுக்கமாகச் சுருட்டி இடுக்கியால் உள்ளே தள்ள வேண்டும். தளர்வாகச் சுருட்டினால் மூடியின் மரை தாளின் ஓரத்தைக் கடித்துக் கிழித்துவிடும்.

பெரிய பெட்டிகளில் ஈரம் புகுவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் மழை அல்ல, அவசரம். நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடிக்குள் ஒரு இரப்பர் வளையம் இருக்கிறது. ஏட்டை வைத்த உறையின் ஒரு மூலை அந்த வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், நான்கு பூட்டுகளும் சொடுக்கென்று விழுந்தாலும் அந்த மூலை வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கும். மூடுவதற்கு முன் உறையின் காற்றை வெளியேற்றி, அதைப் பெட்டியின் அடியில் படிய வைத்து, வளையத்தின்மேல் மணலோ இலைத்துண்டோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். இந்தச் சில நொடிகள் அந்தப் பெட்டிக்கு ஒரு மழைக்காலத்தை வாங்கித்தரும்.

பெட்டிக்குள் இருக்கும் சிறு பரிசுகளில் ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடானதோ மேலானதோ வைக்க வேண்டும். எதுவும் எடுக்காமல் வைக்கலாம். வைக்காமல் எடுக்கக் கூடாது. உணவு, வாசனைச் சோப்பு, மெழுகுவர்த்தி வேண்டாம்: மணம் விலங்குகளை அழைக்கும், மெழுகு வெயிலில் உருகி ஏட்டில் ஒட்டும். கத்தி, தீப்பெட்டி, பட்டாசு, மது, மருந்து ஆகியவற்றுக்கு எந்த நிலையிலும் இடமில்லை. பெட்டியைத் திறப்பவர் ஏழு வயதுக் குழந்தையாக இருக்கலாம்.

இறுதியாக, இருந்த இடத்திலேயே, இருந்த விதமாகவே வையுங்கள். இன்னும் நல்ல மறைவிடம் உங்கள் கண்ணில் பட்டாலும் அது உரிமையாளரின் முடிவு. பெட்டி இடம்மாறிக் கிடந்ததாகத் தோன்றினால் நன்றாக மறைத்துவைத்து, உரிமையாளருக்குத் தகவல் அனுப்புங்கள்.

படி 4: இணையத்தில் பதிவு

கிடைத்தால் கிடைத்தது என்றும், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றும் எழுதுங்கள். இரண்டாவதை எழுதப் பலர் தயங்குகிறார்கள். ஆனால் பெட்டி தொலைந்ததை உரிமையாளர் அறிய உள்ள முதல் அறிகுறியே அதுதான். அதை மறைப்பவர் அடுத்து வருபவரின் அரை நாளை வீணாக்குகிறார். ஏடு நனைந்திருந்தால் அல்லது மூடி உடைந்திருந்தால் அதற்கென்று உரிமையாளரின் கவனத்தைக் கோரும் தனி வகைப் பதிவு இருக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள். காய்ந்த தாள் ஒன்றைக் கூடுதலாகச் செருகிவைப்பது நல்ல உதவி. பெட்டி கிடைக்கவில்லை என்பதற்காக, கையில் உள்ள புதிய டப்பா ஒன்றை அங்கே வைத்துவிட்டுக் கண்டுபிடித்ததாக எழுதுவது உதவியே அல்ல. பழைய பெட்டி பெரும்பாலும் அங்கேயே எங்கோ இருக்கும். பிறகு ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டு ஏடுகள் என்று குழப்பம் தொடங்கும்.

மறைவிடத்தைச் சொல்லிவிடும் சொற்களையும் படங்களையும் தவிர்க்க வேண்டும். இரண்டு வரியாவது எழுதுங்கள். பெட்டியை வைத்துப் பராமரிப்பவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்த வரிகள்தான்.

படி 5: பயணப் பொருளை அடையாளம் காணுதல்

இனி, அதிகமான தவறுகள் நடக்கும் பகுதிக்கு வருகிறோம். பெட்டிக்குள் சில வேளைகளில் ஒரு பொம்மையோ சாவிக்கொத்தோ கிடக்கும். அதோடு மணிச்சங்கிலியில் ஓர் உலோகத் தகடு தொங்கும். இராணுவ வீரர்கள் கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டின் அளவும் வடிவமும் கொண்ட அதில், உடல் முழுக்கப் பட்டைக்கோடுகளுடன் ஒரு பூச்சியின் உருவமும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடும் பொறிக்கப்பட்டிருக்கும். இதுதான் 2001 முதல் புழக்கத்தில் உள்ள டிராவல் பக். நாணய வடிவில் இருப்பது ஜியோகாயின். இரண்டையும் சேர்த்து டிராக்கபிள் என்பார்கள்.

இவை பரிசுப் பொருட்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் உரிமையாளர் இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கமும், பெரும்பாலும் ஒரு பயண இலக்கும் உண்டு. ஆகவே இதை எடுப்பதற்கு ஈடாக எதுவும் வைக்கத் தேவையில்லை. அதேபோல இதை வைத்துக்கொள்ளும் உரிமையும் இல்லை. பயணப் பொருட்களுக்காகவே அமைத்த பெட்டிகளில் ஒன்றை வைத்தால்தான் ஒன்றை எடுக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட நிபந்தனை யாரையும் கட்டுப்படுத்தாது. பொருள் நகர வேண்டும் என்பதே உரிமையாளரின் விருப்பம். ஆனாலும் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே ஆளாக அள்ளிக்கொண்டு போவது நாகரிகம் அல்ல. விரைவில் கொண்டுசேர்க்க முடிந்தவற்றை மட்டும் எடுங்கள்.

இரண்டு எண்களைப் பிரித்தறிய வேண்டும். பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருப்பது டி.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும் மேற்கோள் எண். தகட்டில் பொறித்திருப்பது பின்தொடர் குறியீடு. பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரிய வேண்டிய சாவி அது. அந்தக் குறியீட்டைப் பதிவில் எழுதினாலோ, அது தெளிவாகத் தெரியும் படத்தை ஏற்றினாலோ, பொருளை ஒருநாளும் காணாதவர்கள்கூடப் பதிவிடத் தொடங்குவார்கள். படம் எடுக்கும்போது கட்டைவிரலால் குறியீட்டை மறைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எடுத்தல்

எடுப்பதற்கு முன், கைபேசியில் இணைப்பு இருந்தால், குறியீட்டை உள்ளிட்டு இலக்கைப் படியுங்கள். ஸ்காட்லாந்து நோக்கிச் செல்ல வேண்டிய பொருளை, தெற்கே பயணம் போகும் நீங்கள் எடுப்பது அதன் வழியை நீட்டிவிடும். அப்போது பொருளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு டிஸ்கவர் என்று பதிவிடலாம். பார்த்தேன், எடுக்கவில்லை என்பது அதன் பொருள்.

எடுத்தால் அன்றே, பெட்டியிலிருந்து ரிட்ரீவ் செய்ததாகப் பதிவிடுங்கள். சில வேளைகளில் தளம் அந்தப் பொருள் இந்தப் பெட்டியில் இல்லை, இன்னொருவர் கையில் இருக்கிறது என்று காட்டும். முன்னவர் பெட்டியில் போட்டுவிட்டு இன்னும் பதிவிடவில்லை என்றுதான் அதற்குப் பொருள். அவருக்குப் பணிவாக ஒரு செய்தி அனுப்பி, சில நாட்கள் பொறுத்திருங்கள். மலையிலோ நீண்ட பயணத்திலோ இருப்பவருக்கு இணைப்பு கிடைக்கத் தாமதமாகலாம். பதிலே வராவிட்டால், வேறிடத்திலிருந்து பெற்றதாகக் காட்டும் கிராப் வகையைப் பயன்படுத்தி, எந்தப் பெட்டியில் கண்டீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். அதை எழுதாவிட்டால் பொருளின் பயண வரைபடத்தில் ஒரு கண்ணி தடயமில்லாமல் அறுந்துபோகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் பதிவிடத் தாமதித்ததால் அடுத்தவர் கிராப் செய்துவிட்டார் என்றால், உங்கள் பதிவைச் சரிசெய்வதற்காகப் பொருளை அவரிடமிருந்து திரும்பக் கிராப் செய்யாதீர்கள். கையில் இல்லாத பொருள் உங்கள் பெயரில் வந்து நிற்கும். அவரால் அதை அடுத்த பெட்டியில் இறக்கிப் பதிவிட முடியாமற்போகும். எந்தப் பெட்டியில் எந்த நாளில் போட்டீர்கள் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: வைத்திருக்கும் காலம்

இரண்டு வாரம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் உரிமையாளருக்குக் காரணத்தைச் சொல்லி எழுதுங்கள். "அடுத்த மாதம் நார்வே போகிறேன், அங்கே கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பவர் அரிது. கேட்காமல் மூன்று மாதம் மௌனமாக இருந்தால்தான் அவர் திருட்டு என்று நினைப்பார். அப்படி நினைப்பதற்கு அவருக்குக் காரணமும் உண்டு. அழகிய ஜியோகாயின்கள் பெட்டிகளிலிருந்து மறைவது வழக்கமாகிவிட்ட ஒரு துயரம்.

கையில் இருக்கும்போது, நீங்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பொருள் வந்துபோனதாக விசிட் பதிவிட்டால் அதன் தொலைவுக் கணக்கு கூடும். இதைத் தானியங்கியாக்கும் வசதி உண்டு. ஒரே நாளில் முப்பது பெட்டி பார்ப்பவர் அதை இயக்கிவிட்டால் உரிமையாளரின் அஞ்சற்பெட்டியில் முப்பது வெற்று அறிவிப்புகள் குவியும். குறிப்பிடத்தக்க இடங்களுக்கு மட்டும் விசிட் போட்டு, ஒரு படத்தையும் இரண்டு வரியையும் சேர்ப்பது நூறு மடங்கு மேல்.

எல்லை தாண்டும்போது பொருளோடு இணைந்திருப்பது என்னவென்று பாருங்கள். விதை, மரத்துண்டு, சிப்பி, இறகு போன்றவற்றை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் நுழைவுச் சோதனையில் அறிவிக்க வேண்டும்.

படி 8: இறக்கிவைத்தல்

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் அக்கறை வேண்டும். பொருள் தாராளமாகக் கொள்ளும் அளவு, உலர்ந்த உட்புறம், அண்மையில் யாரோ கண்டுபிடித்த பதிவு, மக்கள் நெரிசல் இல்லாத இடம் ஆகிய நான்கையும் பாருங்கள். மூடியைத் திணித்து மூட வேண்டிய அளவுக்குப் பொருள் பெரிதாக இருந்தால் வேறு பெட்டிக்குக் கொண்டுபோங்கள். யாரும் ஆண்டுக்கணக்கில் போகாத மலை உச்சிப் பெட்டி பாதுகாப்பானதுதான். ஆனால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

பதிவிடும் முறை எளிது. பெட்டியைக் கண்டுபிடித்ததாக எழுதும் அதே பதிவில், உங்கள் இருப்பில் உள்ள பொருட்களின் பட்டியல் தோன்றும். உரியதன் எதிரே டிராப் என்று தெரிவு செய்ய வேண்டும். பெட்டியில் போட்ட உடனேயே, முடிந்தால் அங்கேயே நின்று இதைச் செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் அரை மணி நேரத்தில் வரலாம்.

படி 9: பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமை

டிஸ்கவர் பதிவு, கண்ணால் கண்ட பொருளுக்கு மட்டும் உரியது. குறியீடுகளைப் பட்டியலாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் அனுப்பி ஆயிரக்கணக்கில் பதிவிடுபவர்கள் உண்டு. அத்தகைய பதிவு உரிமையாளருக்கு ஒரு செய்தியையும் தராது. பொருள் இன்னும் இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கையை மட்டும் தரும். சிறந்த விதிவிலக்கு ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஷெர்லாக் கருவிக்கான அளவீட்டுத் தட்டில், விண்வெளி உடையின் முகக்கவசப் பொருளால் ஆன சிறு வில்லையில் ஒரு பின்தொடர் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊர்தி அனுப்பும் படங்களில் அதைக் கண்டு பதிவிடுவதற்காகவே அது வைக்கப்பட்டது.

பெட்டியின் பட்டியலில் இருக்கும் பொருள் உள்ளே இல்லை என்றால், அதையும் உங்கள் பதிவில் பெயரோடு எழுதுங்கள். யாரோ எடுத்துவிட்டு இன்னும் பதிவிடாமல் இருக்கலாம். சில வாரங்களுக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால், பெட்டியின் உரிமையாளரோ பொருளின் உரிமையாளரோ அது காணவில்லை என்று குறிப்பார்கள்.

படி 10: சொந்தப் பொருளை அனுப்புதல்

டிராவல் பக் வாங்கும்போது ஒரே குறியீடு பொறித்த இரண்டு தகடுகள் கிடைக்கும். ஒன்றைப் பொருளில் கட்டி அனுப்புங்கள், மற்றொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; தொலைந்தால் அதைக் கொண்டு வேறு பொருளை அதே பக்கத்தில் மீண்டும் புறப்படச் செய்யலாம். தளத்தில் இயக்குவதற்குப் பின்தொடர் குறியீட்டோடு தனியான இயக்கக் குறியீடும் தேவை. ஜியோகாயினுக்கு இரண்டாவது தகடு கிடையாது. எனவே விலையுயர்ந்த நாணயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் படத்தையும் குறியீட்டையும் அச்சிட்டு, நெகிழி உறையிட்ட அட்டையாக அனுப்புவது என் உறுதியான பரிந்துரை.

பொருள் உள்ளங்கைக்குள் அடங்கட்டும். இழந்தால் மனம் உடையும் எதையும், குறிப்பாகக் குழந்தை தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மையை, அனுப்பாதீர்கள். இலக்கை ஒரு சிறு அட்டையில், ஆங்கிலத்திலும் அது செல்லவேண்டிய நாட்டின் மொழியிலும் எழுதி இணைத்து, இது பரிசு அல்ல, பயணி என்ற ஒரு வரியையும் சேருங்கள். பொருளைக் கண்டவருக்கு ஆட்டமே புதிதாக இருந்தாலும் அந்த வரி போதும். இலக்கு எட்டக்கூடியதாக இருக்க வேண்டும்: குறிப்பிட்ட ஒரே பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டளையிடுவதைவிட, கலங்கரை விளக்கங்களைக் காண விரும்புகிறது என்பது போன்ற இலக்கை யாரும் மகிழ்ச்சியுடன் நிறைவேற்றுவார்கள்.

பொருள் நெடுநாள் அசையாவிட்டால், கடைசியாக வைத்திருந்தவருக்குக் குற்றச்சாட்டில்லாத ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இடம் தெரியாததாகக் குறித்துவிடலாம், ஆனால் பக்கத்தைப் பூட்டிவிடாதீர்கள். காணாமற்போனதாகக் குறித்த பொருளையும் கண்டெடுத்தவர் குறியீட்டை உள்ளிட்டுப் பதிவிட முடியும், அந்த நொடியே பொருள் மீண்டும் பயணத்தில் சேர்ந்துவிடும். வீடு மாறும்போது மேசை இழுப்பறையின் அடியில் ஒரு தகட்டைக் கண்டெடுத்து, பல ஆண்டுகளுக்குப் பின் அருகிலுள்ள பெட்டியில் கொண்டுபோய்ப் போடுபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.